ஐஸ் ஹவுஸ்

மெரினாவுக்குப் போன அக்கா மக போட்டோ அனுப்பியிருந்தா.
"மாமா, கடலைப் பார்த்து வட்டமா நிக்குதே, என்ன கட்டடம் இது?"

விவேகானந்தர் இல்லம்மா. பழைய பேரு ஐஸ் ஹவுஸ்.

1842ல கட்டினது. விக்டோரியா ராணி காலம்.
அமெரிக்காவுல உறைஞ்சு கிடந்த ஏரியை வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, மாசக்கணக்கா கப்பல்ல கொண்டுவந்து அங்க அடுக்குனாங்க. பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடரோட யாவாரம்.
மார்கழியில சிறுமலைக் குளிர்ல கிடக்கிற நமக்கு, குளிரைக் காசு குடுத்து வாங்குனாங்கன்றதே ஆச்சரியம்.

மெஷின் ஐஸ் வந்ததும் யாவாரம் படுத்துருச்சு.
வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வச்சு, கிடங்கை வீடாக்கினாரு. 1897 பிப்ரவரியில விவேகானந்தர் தங்குனது அங்கதான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெருசு.
சகோதரி சுப்பலட்சுமி, அவங்களே பால்ய விதவை. தன்னை மாதிரி பொண்ணுங்களை அங்க தங்க வச்சுப் படிக்க வச்சாங்க. தலையை மழிச்சு மூலையில உட்கார வச்ச காலம் அது. அந்தப் பிள்ளைங்க டீச்சரா வெளிய வந்தாங்க.

நினைச்சா இப்பவும் மனசு நிறைஞ்சு போகுது.

அங்க படிச்ச பாட்டிங்க உங்க குடும்பத்துல யாராச்சும் இருந்தாங்களா?