நான்கு ஜிகாபைட்டுக்கு அப்பால்

கணினித் துறையில் 'டிரைவர்' என்று ஒரு சொல் உண்டு. என் இறுதியாண்டு ஆய்வு நெட்வொர்க் டிரைவரைப் பற்றியது என்று சிலிபின் வீட்டில் சொன்னபோது, "ஏன்யா, டிரைவர் வேலைக்கா யூனிவர்சிட்டிக்குப் போன?" என்று பாட்டி கேட்டார். தமிழில் அதை 'இயக்கி' என்கிறோம். வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று, இரண்டுக்கும் புரியும்படி பேசும் மென்பொருள் அது. ஆங்கிலத்தில் படித்த ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இக்கட்டுரையைக் கழகத்தின் ஆண்டிதழுக்குத் தருகிறேன். கணினித் துறை சாராத நண்பர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

கணினியின் நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி. நெட்வொர்க் கார்டுக்குத் தரவுப் பொட்டலம் ஒன்று வந்து சேர்ந்ததும், செயலியைத் தொந்தரவு செய்யாமல் கார்டே அதை நேராக நினைவகத்தில் எழுதிவிடும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். எங்கே எழுத வேண்டும் என்ற முகவரியை முன்கூட்டியே கார்டிடம் கொடுத்து வைப்பது இயக்கியின் வேலை.

சிக்கல் அந்த முகவரியின் நீளத்தில் இருக்கிறது. பழைய ஐஎஸ்ஏ முறையில் டிஎம்ஏ முகவரிக்கு 24 பிட். 16 மெகாபைட்டுக்கு மேல் எட்டாது. பிறகு வந்த பிசிஐ கார்டுகளில் பலவற்றுக்கு 32 பிட். 4 ஜிகாபைட்டோடு சரி. செயலிகளோ முன்னே ஓடிவிட்டன. 1995-இல் வந்த பென்டியம் புரோ 36 பிட் முகவரியால் 64 ஜிகாபைட் வரை எட்டியது. 2003-இல் ஆப்டெரான் வந்தபின் 64 பிட் என்பது சாதாரணக் கணினிகளுக்கும் இறங்கி வந்தது. செயலி எட்டுகிற இடத்தைக் கார்டு எட்டாவிட்டால் என்ன செய்வது?

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் இருந்த லயத்துக்குத் தபால்காரர் வந்ததே இல்லையாம். கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வரும், ஆபீசில் இறங்கும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்து வைப்பார். பிறகு யாராவது லயத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது வேலை முடிந்து நாமே போய்க் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளம் செய்வதும் இதேதான். 4 ஜிகாபைட்டுக்குள் ஒரு சிறு பகுதியை, வழக்கமாக 64 மெகாபைட், ஒதுக்கி வைக்கிறது. அதற்குப் 'பவுன்ஸ் பஃபர்' என்று பெயர். எட்டாத வீட்டுக்குப் போக வேண்டிய பொட்டலத்தைக் கார்டு இந்த ஆபீசில் போட்டுவிடும். செயலி அதை எடுத்து உரிய வீட்டுக்கு நகலெடுத்துக் கொண்டுபோகும். அனுப்பும்போது இதே நடை தலைகீழாக. வினாடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், 1500 பைட் பொட்டலங்கள் வினாடிக்கு 81,000-க்கும் மேல் வரும். அத்தனைக்கும் ஆளுக்கொரு நடை!

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆறு சிறு கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நிறுவனத்தின் நெட்வொர்க் கார்டு. அந்த நிறுவனமே தந்த லினக்ஸ் இயக்கி. பெயர் இங்கே வேண்டாம். 2 ஜிகாபைட் நினைவகத்தோடு இருந்தவரை ஒழுங்காக ஓடின. என் ஆய்வுக்காக 8 ஜிகாபைட்டாகக் கூட்டினோம். அன்றிலிருந்து மந்தம். நினைவகத்தைக் கூட்டினால் வேகம் குறையுமா என்று யாரும் நம்பவில்லை. செயலியின் ஒரு கோர் முழுவதும் மூச்சுத் திணறியது. சுமை ஏறும்போது பொட்டலங்கள் தொலைந்தன. கார்டுகள் பழுது என்று முடிவு கட்டிவிட்டார்கள். புதிதாக வாங்க மானியத்தில் பணமில்லை. கூட்டிய நினைவகத்தைக் கழற்றிவிடலாம் என்பது அடுத்த யோசனை. வரும் பொட்டலங்களை நினைவகத்திலேயே குவித்து வைத்து ஆராய்வதுதான் என் தலைப்பு. கழற்றினால் ஆய்வு அதோடு முடிந்தது. அப்போது வாய்மொழித் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

நினைவகத்தைக் கழற்றாமலே, 3 ஜிகாபைட்டை மட்டும் பயன்படுத்து என்று கட்டளையிட்டுக் கணினியைத் தொடக்கினேன். பழைய வேகம் திரும்பியது. கட்டளையை நீக்கினால் மறுபடி மந்தம். செயலி எதில் நேரம் செலவழிக்கிறது என்று அளந்து பார்த்தபோது, பட்டியலின் உச்சியில் நகலெடுக்கும் வேலை உட்கார்ந்திருந்தது. பஃபர் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை பதிவேட்டில் வரிசையாகக் கிடந்தது. பெரிய சர்வர்களில் முகவரிகளை மாற்றித் தரும் ஐஓஎம்எம்யு என்ற தனிப் பகுதி இருக்கும். அது இருந்தால் நகலெடுப்பு தேவைப்படாது. எங்கள் கணினிகளில் அது இல்லை.

ஆக, இந்தக் கார்டு 4 ஜிகாபைட்டுக்கு மேல் எட்டாத கார்டு என்றுதான் எண்ணினோம். ஆனால் சில்லின் கையேடு வேறு கதை சொன்னது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி எழுத இரண்டு 32 பிட் கட்டங்கள். கீழ்ப்பாதிக்கு ஒன்று, மேல்பாதிக்கு ஒன்று. முழு 64 பிட். கார்டால் எட்டும்! இயக்கி மேல்பாதியில் எப்போதும் பூச்சியம் எழுதிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியம், இந்தக் கார்டு எத்தனை பிட் வரை எட்டும் என்று அது லினக்ஸிடம் சொல்லவே இல்லை. இயக்கி வாய் திறக்காவிட்டால் 32 பிட்தான் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்கு வந்த எங்களைக் கடைசி வகுப்பில் உட்கார வைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வாய் திறக்காத இயக்கிகள் எல்லாம் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. தைவானின் ரியல்டெக் கார்டுகளுக்கான ஆர்8169 என்ற லினக்ஸ் இயக்கியைப் பாருங்கள். சில்லில் 64 பிட் முகவரிக்கு இடமுண்டு. ஆனாலும் நெடுங்காலம் அந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், 32 பிட் பிசிஐ செருகுதுளையில் ஆபத்து என்று எச்சரிக்கையும் இருந்தது. 32 கம்பிகள் உள்ள பாதையில் நீண்ட முகவரியை இரண்டு தவணையாகத்தான் அனுப்ப முடியும். அதை எல்லாத் தாய்ப்பலகைகளும் சரியாகப் புரிந்துகொள்ளும் என்ற உத்தரவாதமில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸில் இந்தப் பயம் இல்லை. அதனால் 2016-இல் புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் சில்லுகளுக்கு 64 பிட்டையே இயல்பாக்கினார்கள். எங்கள் கார்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான்.

திருத்தம் முப்பது வரிகூட இல்லை. 64 பிட் எட்டும் என்று முதலில் அறிவிப்பது; மறுக்கப்பட்டால் 32-க்கு இறங்கிக் கேட்பது. பிறகு மேல்பாதியை எழுதுவது. இதில்தான் நாள்கள் போயின. நிறுவனத்தின் நிரலில் பல இடங்களில் முகவரியை 32 பிட் மாறியில் போட்டு வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் தப்பவிட்டாலும் மேல்பாதி வெட்டுப்பட்டு, பொட்டலம் வேறு யாருடைய வீட்டிலோ போய் எழுதிவிடும். எழுதிய இடத்தில் என்ன இருந்ததோ அது அழியும். மெதுவாக ஓடுவதைவிட இது ஆயிரம் மடங்கு கெடுதல். அதனால் ஒவ்வொரு மாறியையும் கையால் தேடினேன். வளையப் பட்டியலின் தொடக்க முகவரியை மட்டும் ஒருமுறை கார்டின் பதிவகத்தில் எழுதிவிட்டால் போதும். கார்டை மீட்டமைக்காதவரை அதைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

ஐந்தாம் வாரத்தில் 8 ஜிகாபைட்டோடு இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் அளவீட்டுப் பட்டியலில் நகலெடுக்கும் வேலையைக் கீழே வரை தேடியும் காணோம். பொட்டலம் ஒன்றும் தொலையவில்லை. கார்டுகள் ஆறும் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

திருத்தத்தை அந்த நிறுவனத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை. அவர்கள் தளத்தில் இன்றும் பழைய இயக்கிதான். 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸில் எத்தனையோ தொழிற்சாலைகள். அங்கே நம் கழகத்தின் மூத்த மாணவர்கள் பலர் பணிபுரிகிறார்கள். இயக்கி எழுதும் பிரிவில் யாராவது இருந்தால், இதை முறையாக லினக்ஸுக்கே அனுப்பி வைக்கும் வழியை எனக்குச் சொல்லித்தர வேண்டுகிறேன். அதுவரை, ஆய்வுக்கூடத்துத் தம்பி தங்கைகள் லினக்ஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் என் முப்பது வரியை மறுபடி சேர்த்துத் தொகுக்க வேண்டியிருக்கிறது.