பெயரில்லாத முகங்கள்

இடுபணிக்காக நூலகக் கணினியில் பழைய நிழற்படங்களைத் தேடியபோது அவை கண்ணில் பட்டன. 1939-இல் ரசல் லீ என்பவர் அமெரிக்க அரசுக்காக டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் எடுத்த படங்கள். ஒன்றில் மெக்சிக்க இனப் பெண்கள் மேசையருகே நெருங்கி அமர்ந்து பீக்கன் கொட்டை உடைக்கிறார்கள். குறிப்பில் தொழில் இருந்தது, ஊர் இருந்தது, ஆண்டு இருந்தது. அவர்கள் பெயர் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கூலிக் குறைப்பை எதிர்த்து அந்நகரில் ஏறத்தாழ 12,000 பீக்கன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். முன்னின்ற எம்மா டெனயூக்காவுக்கு அப்போது வயது 21. என்னைவிட ஒரு வயது இளையவர்! அவர் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. மேசையருகே குனிந்திருந்தவர்கள் வெறும் 'தொழிலாளிகள்'.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. பால்மரம் சீவிய தோழிகள் ஐவரோடு பாட்டி. விடுமுறையில் அதை எடுத்து நீட்டினேன். பாட்டி ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பெயர் சொன்னார். ஐந்தாவது முகத்தில் விரல் நின்றது.

“நெஞ்சுக்குள்ள இருக்குய்யா, வாயில வர மாட்டேங்குது.”

நான்கு பெயர்களைப் படத்தின் பின்னால் எழுதினேன். ஐந்தாம் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் படங்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.