வெள்ளியா, வெண்கலமா: இன்சீன் போய் வந்த கதை

இன்சீன் என்று சொன்னால் பர்மாக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெயில். என் பன்னிரண்டு வயது மகனுக்கு ஞாபகம் வந்தது வேறு. "அம்மா, இன்சேனா? பைத்தியமா?" என்று ரயிலில் இறங்கும் வரை சிரித்துக்கொண்டே வந்தான். ஆங்கிலம் பேசுகிற ஊரிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லோரும் இந்த ஜோக்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள் போல. எங்கள் அம்மா வீட்டில் அது வெறும் "இஞ்சீனு". அம்மா பிறந்த ஊர்.

நாங்கள் போனது 2017 ஜனவரியில். ரங்கூன் சென்ட்ரலிலிருந்து கிளம்பி நகரத்தைச் சுற்றி வருகிற வட்ட ரயில். முழுதாகச் சுற்ற அப்போது மூன்று மணி நேரம் ஆனது. ஜப்பானில் ஓடி ஓய்ந்த பழைய பெட்டிகள், கன்னத்தில் தனக்கா பூசிய பெண்கள், தலையில் கூடையோடு காடை முட்டை விற்கிறவர்கள். நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. என் ஹேண்ட்பேக்கில் ஒரு பழைய பதக்கத்தின் போட்டோவும், பென்சில் தேய்த்த ஒரு காகிதத் துண்டும் இருந்தன.

பதக்கம் அம்மாவுடையது. அம்மாவின் கொள்ளுத்தாத்தா வாங்கியது. "பட்டாளத்துல சிப்பாயா இருந்தார், மாந்தலை ராஜாவைப் பிடிச்ச சண்டையில மகாராணி கொடுத்தது" என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வளர்த்த கதை. சென்னையில் இருந்தவரை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைப்பார்கள். (தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். விக்டோரியா மகாராணியின் மூக்கு எங்கள் வீட்டுப் புளியில்தான் கரைந்துபோனது.)

போன முறை சென்னை போனபோது, ஒரு பழைய நாணயக் கடையில் அதைக் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட்மா. ஒரிஜினல் வெள்ளியில இருக்கும். இது வெண்கலம்" என்றார். பக்கத்தில் நின்ற என் மகன் முகம் சுருங்கிவிட்டது. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

வீடு திரும்பியதும் தேடித் தேடிப் படித்தேன். கடைக்காரர் சொன்னது தவறு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் கதையும் சரியில்லை என்பதும் அதே நாள் தெரிந்தது.

அந்தப் பதக்கத்தின் பெயர் இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல், 1854. இரண்டாம் பர்மா சண்டையில், 1852-53இல் பெகுவுக்குப் போனவர்களுக்காக முதலில் கொடுக்கப்பட்டது. ஒரு பக்கம் விக்டோரியாவின் தலை. மறுபக்கம் சிறகு முளைத்த வெற்றித் தேவதை, உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டுகிறாள், கீழே ஒரு தாமரைப்பூ. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் எல்லைச் சண்டைகள் எத்தனை வந்தாலும் பெரும்பாலும் இதே மெடல்தான். ஒவ்வொரு சண்டைக்கும் அதன் பெயர் பொறித்த ஒரு சின்னப் பட்டையை மேலே சேர்த்துக்கொள்வார்கள். பெகு, பர்மா 1885-7, பர்மா 1887-89, பர்மா 1889-92 என்று இருபதுக்கும் மேலே பட்டைகள் உண்டு. பதக்கம் சேகரிப்பவர்கள் மெடலைப் பார்ப்பதற்கு முன் பட்டையைத்தான் பார்ப்பார்கள். எங்களுடையதில் பட்டை இல்லை. எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது.

இந்த மாதிரி வித்தியாசம் எதற்கு முக்கியம் என்று என் மகனுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. போகிமான் கார்டு சேர்க்கிற பிள்ளை. அதே படம், அதே எண், ஆனால் பளபளப்பு மட்டும் வேறு என்றால் விலை எப்படி மாறும் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

மூன்றாம் பர்மா சண்டை 1885 நவம்பரில் ஆரம்பித்தது. படைக்குத் தலைமை தாங்கிய பிரெண்டர்காஸ்ட் மதராஸில் பிறந்தவர். படையில் மதராஸ் காலாட்படையும் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். இரண்டே வாரத்தில் மாந்தலை விழுந்தது, திபா ராஜாவைக் கப்பலேற்றி மதராஸுக்குக் கொண்டுவந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். ராஜா போனதோடு சண்டை முடியவில்லை, காட்டுக்குள் வருஷக்கணக்கில் இழுத்தது. அதில் துப்பாக்கிக் குண்டைவிடக் காய்ச்சலும் காலராவும் கொண்டுபோன ஆட்கள் அதிகம். அந்த நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் சுமந்தவர்கள் டோலிக்காரர்கள். மூங்கில் கழியில் கட்டிய டோலியை நாலு பேர் தோளில் தூக்க, மாற்று ஆட்கள் கூடவே நடக்க, சேற்றிலும் முள்ளிலும் போனவர்கள்.

அந்தச் சண்டையில்தான் அரசாங்கம் முதன்முதலாக, ஆயுதம் ஏந்தாமல் படையோடு போன டோலிக்காரர், வண்டிக்காரர், துப்புரவு செய்பவர் ஆகியோருக்கும் இந்த மெடலைக் கொடுத்தது. அதே அச்சு, அதே மகாராணி, அதே தாமரை. ஆனால் சிப்பாய்க்கு வெள்ளி, இவர்களுக்கு வெண்கலம்.

ஆக எங்களுடையது அசல். வெண்கலத்தில்தான் இருந்திருக்க வேண்டும். விளிம்பில் சுற்றிவர எழுத்து இருக்கிறது. போலிகளில் பெரும்பாலும் இது இருக்காது. புளியில் தேய்ந்த எழுத்துக் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. என் மகன்தான் யோசனை சொன்னான். மெல்லிய காகிதத்தை விளிம்பில் சுற்றி, பென்சிலை லேசாகத் தேய்த்தோம். நீளமாக ஒரு பட்டையில் எழுத்துகள் எழுந்துவந்தன. கொள்ளுத்தாத்தா பெயர், யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்த மாதிரியே எழுதிய ஸ்பெல்லிங்கில். பெயருக்கு முன்னால் 'பேரர்'. பெயருக்குப் பின்னால் 'கமிசரியட்', அதாவது படைக்குச் சாமான், ஆள், வண்டி சேர்க்கிற இலாகா. சிப்பாய் என்று எங்கும் இல்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அது தப்பா எழுதியிருப்பாங்க" என்றார். "இன்சீன்ல அத்தை இருக்காங்கல்ல, போய்க் கேளு" என்றும் சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம்.

இன்சீனுக்கு முந்தின நாள் ஸ்காட் மார்க்கெட் போனோம். இப்போது போஜோ ஆங் சான் மார்க்கெட் என்று பெயர், எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் ஸ்காட்தான். ஒரு கண்ணாடிப் பெட்டியில் மெடல்கள் கொட்டிக் கிடந்தன. பாதிக்கு மேல் வார்ப்பில் செய்த போலி. விளிம்பில் மெல்லிய தையல் மாதிரி ஒரு கோடு ஓடும், எழுத்து கொழகொழவென்று இருக்கும். அதில் ஒன்று 1826 ஆவா மெடலின் நகல். முதல் பர்மா சண்டைக்குக் கம்பெனி கொடுத்தது. பர்மாவின் வெள்ளை யானை இங்கிலீஷ் சிங்கத்துக்கு முன்னால் மண்டியிடுகிற படம், மறுபக்கம் ரங்கூன் பகோடாவைத் தாக்கும் காட்சி. காலையில்தான் ஷ்வேடகோனில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்திருந்தோம். "இதைப் போட்டுக்கிட்டு இந்த ஊர்ல எப்படிம்மா நடந்தாங்க?" என்று கேட்டான் மகன். அதிலும் இரண்டு விதம் உண்டு. இந்திய அதிகாரிகளுக்குத் தங்க முலாம், சிப்பாய்களுக்கு வெறும் வெள்ளி. உலோகத்தை வைத்து ஆளை அளப்பது அப்போதே வந்துவிட்டது. 1903-04 திபெத் மெடலிலும் வெள்ளி, வெண்கலம் உண்டு. முதல் உலகப் போரில்கூட பிரிட்டிஷ் வார் மெடலை இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படைகளுக்கு வெண்கலத்தில் அடித்தார்கள். 1945இல் வந்த பர்மா ஸ்டாரில் ஜெனரலுக்கும் சமையல்காரருக்கும் ஒரே உலோகம்.

இன்சீன் ஸ்டேஷன் அமைதியானது. ரங்கூனிலிருந்து ப்ரோமுக்கு 1877இல் போட்ட ரயில் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. ரயில்வே ஒர்க்‌ஷாப் வந்தபிறகு இங்கே தமிழ் ஆட்கள் நிறைய. எங்கள் கொள்ளுத்தாத்தாவும் சண்டை முடிந்து ஊர் திரும்பாமல் இங்கேயே ரயில்வேயில் சேர்ந்துவிட்டார். 1949இல் கரென் படைக்கும் அரசாங்கத்துக்கும் இந்த ஊருக்குள்ளேயே மாதக்கணக்கில் சண்டை நடந்தது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று சொன்னபிறகு, லட்சக்கணக்கான ஆட்கள் கப்பலேறினார்கள். அம்மா போனது 1965இல், ஒன்பது வயதில். துறைமுகச் சோதனையில் பாட்டியின் வெள்ளிக் கொலுசு, தோடு, வெள்ளிக் குங்குமச் சிமிழ் எல்லாம் போனது. இந்த மெடலைக் கையில் எடுத்துப் பார்த்தவர், வெண்கலம் என்று கண்டதும் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டாராம்.

அத்தைப்பாட்டிக்கு எண்பத்தைந்து வயது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. லுங்கியும் ரவிக்கையும் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் தமிழ், அவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பர்மீஸ், என் மகனுக்கும் அவர்களுக்கும் இங்கிலீஷ். மோஹிங்கா வந்தது, பிறகு டீ, மறுபடி டீ.

போட்டோவைக் காட்டினேன். கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தாத்தாவோடது. கதவு ஆணியில மாட்டியிருக்கும். நான் கைக்குழந்தையா இருந்தப்ப இதைக் கடிச்சேன்னு சொல்லுவாங்க."

"பாட்டி, அவர் சிப்பாயா இருந்தாரா?"

"யாரு சொன்னா?" என்று சிரித்தார். "நம்ம வீட்டை இந்தத் தெருவுல டோலி வீடுன்னுதானே சொல்லுவாங்க. டோலி வீட்டுப் பொண்ணுன்னுதான் என்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்க. தாத்தாவுக்கு வலது தோள்ல இவ்ளோ பெரிய காய்ப்பு. நான் ஏறி உட்கார்ந்தா அதுல கை வச்சுப் பிடிச்சுக்குவேன். சாகற வரைக்கும் இருந்திச்சு."

என் மகன் காகிதத் துண்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தான்.

"என்ன ராசா இது?"

"தாத்தா பேரு பாட்டி. மெடல்ல எழுதியிருக்கு."

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதில் எழுத்து இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாதாம். மகன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். பேரர் என்று வந்த இடத்தில் நிறுத்தி, "இதுதான் தூக்கறவர்" என்று அவனுடைய உடைந்த தமிழில் சொன்னான். பாட்டி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரி ஹோட்டலிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். டோலி வீடு என்றதும் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றார். "மெட்ராஸ் வந்து இறங்கினதும் எங்க அப்பாதான் சிப்பாய்னு மாத்தினார். டோலி தூக்கினாங்கன்னா எந்தத் தெருக்காரங்கன்னு அங்க உடனே புரிஞ்சுக்குவாங்க. வாடகைக்கு வீடு கேட்டாக்கூட அதைத்தான் முதல்ல கேட்டாங்க. இஞ்சீனுல அது வெறும் வீட்டுப் பேரு."

பிறகு கொஞ்சம் பொறுத்து, "அத்தை ஒடம்பு எப்படி இருக்கு? தோள் காய்ப்பைப் பத்திச் சொன்னாங்களா?" என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். எந்தத் தோள் என்று கேட்டார். வலது என்றேன். "ஆமா, வலதுன்னுதான் எங்க அப்பாவும் சொல்வார்."

மெடல் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. புளி போடுவதில்லை. காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, அமிலம் இல்லாத காகித உறையில் வைத்திருக்கிறோம். உறைமேல் மகன் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறான். தமிழில் 'டோலி'க்கு 'டொலி' என்று எழுதிவிட்டான். அம்மா வந்தபோது பேனா எடுத்துத் திருத்தினார்.