பிறவிக் குணமா? பழகிய வழியா?

“அது பிறவிக் குணம், மாறாது!” இந்த ஒரு சொல்லை அரணாக்கிச் சாதியைக் காத்தவர்கள் எத்தனை பேர்! ஆள்வதும் பணிவதும் குருதியிலேயே ஊறியவை என்றார்கள். அந்தப் புரட்டின் வேரை அறுக்க அறிவியல் தந்த கருவிகளுள் ஒன்று, ஆளுமை உளவியலின் முன்னோடிகளுள் ஒருவரான கார்டனர் மர்ஃபியின் கருத்து.

1895-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பிறந்து, 1979-இல் மறைந்தவர் அவர். 1947-இல் வெளிவந்த ‘ஆளுமை’ என்ற அவரது பெருநூல், உடலும் சமூகமும் சேர்ந்தே மனிதனை ஆக்குகின்றன என்று விளக்கியது. குருதி மட்டுமன்று, வீடும் தெருவும் ஊரும் சேர்ந்து செய்த ஆக்கமே மனிதன்!

பசி எல்லோர்க்கும் பொது. ஆனால் எந்த உணவு அதனைத் திரும்பத் திரும்பத் தணித்ததோ, அந்த உணவையே நாக்கு நாடுகிறது. மதகைத் திறந்தால் ஏரிநீர் வெட்டிய வாய்க்காலிலே ஓடுவதுபோல், நம் தேவைகளும் பழகிய வழியிலே பாய்கின்றன என்றார் மர்ஃபி.

திண்டிவனத்துக்கு மேற்கே, தமிழ்ச் சமணர் மடம் அமைந்த மேல்சித்தாமூரில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது எங்கள் வழக்கம். மதத்தைத் துறந்து ஆண்டுகள் பலவாயின. எனினும், இருட்டியபின் இலைமுன் அமர்ந்தால் கை ஒரு கணம் தயங்குகிறது. முன்வினையா அது? அன்று, இளமையில் வெட்டிய வாய்க்கால்!

ஒடுக்கப்பட்ட தோழரின் இல்லத்தில் தண்ணீர் வாங்கத் தயங்கும் கையும் இப்படிப் பழக்கப்பட்டதுதான். வேறுபாடு ஒன்று உண்டு. என் தயக்கம் எவரையும் தாழ்த்தவில்லை. அந்தத் தயக்கமோ ஒரு மனிதனின் தன்மானத்தை மிதிக்கிறது.

பிரிவினையின் குருதி காயாத 1950-இல், இந்திய அரசின் வேண்டுகோளை ஏற்று யுனெஸ்கோ மர்ஃபியை இங்கே அனுப்பியது. நம் நாட்டு உளவியலாளர்களோடு சேர்ந்து, மக்களிடையே நிலவிய பகைமையின் காரணங்களை ஆராய்ந்தார். 1953-இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே ‘மனிதர்தம் மனங்களில்’ என்பது. பகை பிறப்பது வானத்திலன்று, மனத்தில்!

அப்படியானால் மர்ஃபி சொன்னதெல்லாம் வேதமா? இல்லை, தோழர்களே! 1942-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். சில மணி நேரம் உண்ணாதவர்களுக்குத் தெளிவற்ற படங்களைக் காட்டியபோது, அவற்றில் உணவுப் பொருள்களை மிகுதியாகக் கண்டனர். தேவை கண்ணையே ஏமாற்றுகிறது! அஞ்சியவன் புளியமரத்தில் பேயைக் காண்பதன் மறைபொருள் இதுவன்றோ? இத்தனை தெளிவாகக் காட்டியவரே தொலையுணர்வு உண்டென நம்பினார். அத்தகையவற்றை ஆராயும் லண்டன் கழகத்துக்கு 1949-இல் தலைவருமானார். விரும்பியதைக் காணும் மனம் அறிஞரையும் விட்டுவைப்பதில்லை போலும்! அவர் தந்த உரைகல்லில் அவரையும் உரைத்துப் பார்ப்பதே பகுத்தறிவு.

தேறிய பொன்னை எடுத்துக்கொள்வோம். மனத்தின் வாய்க்கால் மேடைப்பேச்சால் மட்டும் தூர்ந்துவிடாது. ஆண்டுக்கொரு சமபந்தி விருந்தும் போதாது. ஒரே இல்லத்தில் உண்டு, ஒரே குடத்து நீரைப் பருகி, நாள்தோறும் பழகவேண்டும். குழந்தைகளை அருகே அமர்த்திக்கொண்டு பழகவேண்டும். அவர்களுக்குத்தான் வாய்க்கால் இன்னும் வெட்டப்படவில்லை.