நூறிலிருந்து ஏழு

"மூணு மீட்டர் நடந்து திரும்பி வரவிட்டு ஸ்டாப்வாட்ச் அமுக்க பிசியோதெரபிஸ்ட் எதுக்கு சார்? அதான் ஆப் இருக்கே!" கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு முதியோர் முகாமில் என் காதுபடச் சொன்னார் ஓர் இளைஞர். ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் நான், வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவரே அடுத்து வந்த பெரியவரை, நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர், நின்றுவிட்டார். படிவத்தில் மறதி நோய்க் கட்டத்தில் டிக் விழுந்தது.

நின்றால் மறதி நோய் என்று யார் சொன்னது? 1997-ல் ஸ்வீடனின் உமேயோ ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியது விழுவதைப் பற்றி. பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிற முதியவர்கள் பின்னாளில் அதிகம் விழுந்தார்கள், அவ்வளவுதான். மெதுநடையும் ஞாபகக் குறையும் சேர்ந்தால் டிமென்ஷியாவுக்கு முன்னறிகுறி என்று ஆய்வாளர் ஜோ வர்கீஸின் குழு சொன்னது 2013-ல். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

நம் பக்கத்தில் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வதுதான் மரியாதை. வெள்ளைக் கோட்டுக்கு இன்னும் கூடுதல். அதனால் நான் எதிரே நிற்பதில்லை. பக்கவாட்டில் ஓர் எட்டுப் பின்தங்கி நடப்பேன். தடுமாறினால் பிடிக்கவும் அதுதான் வசதி.

என்னை வருஷக்கணக்கில் படுத்தியது, நடையோடு சேர்த்துக் கொடுக்கும் அந்த இரண்டாவது வேலைதான். நடக்கும்போது எதைச் சொல்லச் சொல்வது? அரியானாவின் பல்லப்கரில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே மனத்திறன் சோதனையை மாற்றியமைத்து 1995-ல் வெளியிட்டார்கள். கல்வராயன் மலைக்கு ஏறும்போது என் பையில் அப்படி எதுவும் இல்லை. கழித்தல் ஆகாது. 'க'வில் தொடங்கும் சொற்கள், எழுத்தே தெரியாதவரிடம் ஆகாது. மிருகங்களின் பெயர் கேட்டால் மலைக்காரர்கள் மூச்சுவிடாமல் அடுக்குகிறார்கள். மூளைக்குச் சுமையே இல்லை. கடைசியில் கடுக்காய்க்கு வந்தேன். "கிலோ முப்பதுன்னா, அரை, ஒண்ணு, ஒண்ணரைன்னு விலையை ஏத்திச் சொல்லிக்கிட்டே நட ஆயா."

வெள்ளிமலையில் ஓர் ஆயா உட்கார்ந்த இடத்தில் தடையில்லாமல் சொன்னார். நேர்நடையிலும் குறையில்லை. திரும்பும் இடத்தில் கணக்கு நின்றது. கை கொசுவத்தைப் பிடித்தது. சும்மா நடந்தபோது ஒரே வீச்சில் திரும்பியவர், இப்போது குட்டிக் குட்டியாக நாலைந்து எட்டு வைத்தார். ஸ்டாப்வாட்சில் வித்தியாசம் சொற்பம். அந்தத் திருப்பத்தைப் பார்த்துத்தான் டாக்டரிடம் அனுப்பினேன். நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலை இல்லை. மூட்டுவலி, கண்புரை, தூக்க மாத்திரை, புருஷன் போன துக்கம் எல்லாமே நடையைத் தளர்த்தும்.

முதலில் நடை மட்டும், உட்கார்ந்து கணக்கு மட்டும், பிறகுதான் இரண்டும். மூன்றையும் குறிக்காமல், எது எதனால் சரிந்தது என்று எப்படித் தெரியும்? சிலர் கணக்கை விட்டுவிட்டு நடையைக் காப்பாற்றுவார்கள். ஆப் அவர்களுக்குப் பாஸ் போடுகிறது. அந்த முகாம் படிவத்தில் உட்கார்ந்து சொன்ன கணக்குக்குக் கட்டமே இல்லை. கேட்டேன். "டார்கெட் இருக்கு சார்" என்றார்கள்.