வழியின் மகன்

அரபு மொழியில் பயணத்தை ‘ஸஃபர்’ என்பர். திரையை விலக்குதல், மூடியிருந்தது வெளிப்படுதல், பொழுது புலர்தல் என்னும் பொருள்களைத் தரும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. மனிதர்களின் குணங்களை வெளிப்படுத்திவிடுவதால்தான் பயணத்திற்கு அப்பெயர் வந்தது என்று நம் முன்னோர்களான ஆலிம்கள் விளக்கம் கூறுவர். பயணத்தில் கையறு நிலைக்கு ஆளானவனை ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது வழியின் மகன் என்பர். ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் அவனும் ஒருவன். சொந்த ஊரில் அவனுக்கு மாடிவீடும் கடையும் தோட்டமும் இருக்கலாம். அவற்றை எட்ட முடியாத இடத்தில் நிற்கும் வரையில் அவன் ஏழையே.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் இப்பாடத்தை நடத்தி வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவனாவது, “ஹஜ்ரத், பணக்காரனுக்கு எப்படி ஸகாத் சேரும்?” என்று கேட்பான். பாலைவனம், ஒட்டகக் கூட்டம், வழிப்பறி என்று உதாரணம் சொல்வோம். 2023 டிசம்பருக்குப் பின்னர் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை நமக்கு இல்லாமற் போயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குச் செல்லும் செந்தூர் விரைவு வண்டியில், ஆறுமுகநேரியில் ஏறினோம். காலையிலிருந்தே மழை விட்டபாடில்லை. குமரிக் கடற்பகுதியின் மேல் நிலவிய காற்றுச் சுழற்சியே அதற்குக் காரணம் என்று வானிலையாளர் கூறினர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். முன்னொரு காலத்தில் முத்துக் குளித்தும், இன்று சங்கு குளித்தும் உப்பு விளைவித்தும் வாழ்ந்து வரும் நமது வறண்ட கடற்கரைக்கு, ஓர் ஆண்டு முழுவதும் பெய்தாலும் அவ்வளவு மழை கிடைப்பதில்லை.

ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டி நின்றது. ஊர் தாமிரபரணியின் வடகரையில் இருக்க, நிலையமோ தென்கரையில் புதுக்குடியை ஒட்டி இருக்கின்றது. ஆற்றின் கடைசி அணைக்கட்டு அருகிலேதான். குளங்கள் உடைந்து வந்த நீரும் மழைநீரும் சேர்ந்து, செய்துங்கநல்லூர் செல்லும் பாதையில் தண்டவாளத்தின் கீழிருந்த சல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போயின. தண்டவாளங்கள் பிடிமானமின்றி அந்தரத்தில் தொங்கிய படத்தை வாசகர்கள் செய்தித்தாள்களில் கண்டிருப்பார்கள். அச்செய்தி கிடைத்ததும் வண்டியை மேற்கொண்டு செல்லவிடாமல் நிறுத்தி வைத்தவர் நிலைய அதிகாரி ஜாபர் அலி. வண்டியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர்.

நம் பெட்டியில் இருந்த முதியவர்களுக்கு அன்றிரவு தனுஷ்கோடியின் நினைவு வராமல் இல்லை. அதுவும் டிசம்பர் மாதம்தான். 1964-ஆம் ஆண்டு 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடிக்கு மிக அருகில் புயலலைக்குள் சிக்கி, 100-க்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையாயிற்று. சைகை விளக்குத் தெரியாமல் சற்று நேரம் நின்றிருந்த வண்டி, பின்னர் ஊதிக்கொண்டே நகர்ந்தது என்பர். நிற்பதா போவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு எத்துணைக் கனமானது என்பது, உள்ளே உறங்கும் நமக்குத் தெரிவதில்லை.

விடிந்தபோது நான்கு பக்கமும் தண்ணீர். முதலில் ஏறத்தாழ 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றனர். பின்னர் சாலையும் துண்டிக்கப்பட்டது. எஞ்சிய 500 பேர் நிலையத்திலும் வண்டியிலுமாகத் தங்கினோம். கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இளைஞர்கள் சிலர், “தண்டவாளத்தின் மேலேயே நடந்து போயிடலாம், வாங்க” என்று எழுந்தனர். தூத்துக்குடித் தோணிகளில் வெகுகாலம் தண்டலாக இருந்த ஒரு பெரியவர்தான் அவர்களை மறித்தார். “தோணி கவிழ்ந்தாலும் தோணியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கெடக்கணும், தம்பி. கரை தெரியுதேன்னு நீந்தப் போனவன்தான் போய்ட்டான். தோணியத் தேடி வருவாங்க, ஒன்னத் தேடி எங்கே வருவாங்க?” என்றார். இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே அமர்ந்தனர்.

அந்தத் தண்டல் சொன்னதையேதான் பனி பெய்யும் நாடுகளிலும் கற்பிக்கின்றனர். நடுவழியில் கார் பனியில் புதைந்தால் இறங்கி நடக்காதே. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றிக்கொள். அதற்கு முன்பு புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை அகற்று. சன்னலைச் சிறிதளவு திறந்து வை என்பர். இதன் அருமையை 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலையில் நடந்தது உணர்த்திற்று. பனி பார்க்கக் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்களின் கார்கள் ஒரே இரவில் பனிக்குள் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இருந்த இடத்திலேயே மாண்டனர். குளிர் ஒரு பக்கம். மூடிய காருக்குள் நிறமும் மணமுமின்றிப் புகுந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மறு பக்கம். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். வாகனத்தை விட்டுப் போகாதிருந்தால் மட்டும் போதாது, எவரேனும் வந்து சேரவும் வேண்டும்.

நம்மிடம் வந்து சேர்ந்தவர்கள் புதுக்குடி மக்கள். அவர்களுடைய ஊரைச் சுற்றியும் வெள்ளம்தான். கடைக்குச் சரக்கு வர வழியில்லை. அந்த நிலையிலும் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து, நிலையத்தில் கிடந்தவர்களுக்கு எடுத்து வந்தனர்.

நமக்கு எதிர் இருக்கையில் காயலைச் சேர்ந்த முதிய வணிகர் ஒருவர் இருந்தார். ஹாஜியார், கையால் கொடுத்தே பழகியவர். வங்கியில் இலட்சக்கணக்கில் இருந்திருக்கும். அன்றோ அணைந்துபோன கைபேசியும், எவரும் வாங்கிக்கொள்ளாத ஓர் அட்டையுமே அவர் சட்டைப்பையில் இருந்தன. முதல் நாள் இரவுக்குப் பின் அவர் ஒன்றும் உண்ணவில்லை. சோற்றுப் பாத்திரம் நம் பெட்டிக்கு வந்தபோது அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஹாஜியார், சாப்பிடுங்களேன்” என்றோம்.

“வேணாம் ஆலிம்சா. காசு கொடுத்து வாங்கலாம்னா காசும் இல்லை. அறுபது வருஷமா யார்கிட்டேயும் ஏந்தாத கை இது” என்றார். குரல் தழுதழுத்தது.

வகுப்பறையில் சொல்வதையே அவரிடமும் சொன்னோம். “இது ஸகாத் அல்ல, விருந்து. ஸகாத்தாகவே இருந்தாலும் இந்த நிமிடத்தில் அதைப் பெறத் தங்களுக்கு உரிமை உண்டு. தங்களையும் எங்களையும் மார்க்கம் இப்போது வழியின் மகன் என்றுதான் அழைக்கும். பட்டினியால் உயிருக்கு ஊறு தேடிக்கொள்ள எவருக்கும் அனுமதி இல்லையே” என்றோம். அவர் பேசவில்லை.

சோறு கொண்டுவந்த அம்மையார் நம் பேச்சை எவ்வளவு புரிந்துகொண்டாரோ தெரியாது. “ஐயா, வெக்கப்படாம சாப்பிடுங்க. நாங்க உங்க ஊர்ல மாட்டிக்கிட்டா பட்டினியாவா போட்ருவீங்க?” என்று கேட்டுவிட்டு, இலையை அவர் மடியிலேயே வைத்துவிட்டார். ஹாஜியார் சிறிது நேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘பிஸ்மி’ சொல்லிக் கை வைத்தார். நமது முப்பதாண்டுப் பாடத்தைவிட அந்த ஒரு கேள்வியே அவரிடம் வேலை செய்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

தொழுகை பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் நிற்க, குடிக்கத்தான் இல்லை. இருந்த போத்தல் நீரைக் குழந்தைகளுக்கென ஒதுக்கி வைத்தாயிற்று. “தயம்மும் செய்யலாமா?” என்று ஓர் இளைஞர் கேட்டார். குடிநீரைத் தவிர வேறு நீரே இல்லையென்றால் அதுதான் சட்டம். ஆனால் வானம் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும்போது மண்ணைத் தேடுவானேன் என்று, நடைமேடைக் கூரையின் ஓரத்தில் ஒழுகிய மழைநீரில் ஒளூச் செய்தோம். இன்றோ நாளையோ புறப்படலாம் என்று காத்திருக்கும் பயணி 18 நாள் வரை சுருக்கித் தொழலாம் என்பது ஷாஃபியீ மத்ஹபின் தீர்ப்பு. அதைச் சொன்னபோது, “பதினெட்டு நாளா!” என்று ஒரு பெண்மணி அலறியதும், அந்த இருட்டிலும் பெட்டியே சிரித்ததும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, 19-ஆம் நாள் விடிவு கிடைத்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் வந்து சேர்ந்தனர். வெள்ளூர் வரை சேற்றிலும் நீரிலும் நடை. அங்கிருந்து பேருந்தில் வாஞ்சி மணியாச்சி. அங்கே சிறப்பு வண்டி காத்திருந்தது. இரண்டு இரவுகள் கழிந்திருந்தன. மாவட்டத்தில் வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் எத்தனையோ பேர் இருக்க, நாம் பட்டது பெரிதல்ல.

வெள்ளூருக்கு நடக்கும்போது ஹாஜியார் நம் தோளைப் பற்றியபடி வந்தார். தண்டல் அவருடைய பையைச் சுமந்து வந்தார். பாதி வழியில் ஹாஜியார் நின்று, “ஆலிம்சா, அந்த அம்மா பேரு என்னன்னு கேட்டீங்களா?” என்றார். கேட்கவில்லை என்றோம். “நானும் கேக்கலை. புதுக்குடின்னு மட்டும் எழுதி வைங்க” என்றார். நம்மிடம் பேனா இருந்தது, நனையாத தாள்தான் இல்லை. தண்டல் தம் மேல்துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த பயணச்சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் எழுதினோம்.