மானிப்பாயில் ஒரு அமெரிக்கத் 'தமிழ் மீடியம்'!

கெமிஸ்ட்ரிக்குத் தமிழில் என்ன?

'வேதியியல்' என்பீர்கள். சரி. 'கெமிஸ்தம்' என்று கேள்விப்பட்டதுண்டா? சிரிக்காதீர்கள். 1875-ல் அந்தப் பெயரிலேயே தமிழில் ஒரு புத்தகம் அச்சானது. அதன் பின்னால் இருந்தவர் ஒரு அமெரிக்க டாக்டர். அவர் பிராக்டீஸ் செய்த ஊர், இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் மானிப்பாய்.

அந்த ஊரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். யாழ்ப்பாணம் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். வேலிக்கு மேலே பனைமரம், தோட்டத்தில் வெங்காயம், மருதடிப் பிள்ளையார் கோயில்... ராமநாதபுரம் பக்கம் இறங்கிவிட்டோமோ என்று ஒரு சந்தேகம்.

பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவரிடம், "கிறீன் ஆஸ்பத்திரிக்கு எங்கேங்க இறங்கணும்?" என்றேன்.

"ஆருக்குத் தம்பி சுகமில்லை?"

"யாருக்கும் இல்லைங்க. சும்மா பார்க்க வந்தேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "இந்தியாவில இருந்து ஆஸ்பத்திரி பாக்கவோ வந்தனீங்கள்?"

ஆமாம். அதற்குத்தான்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1822-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1845-ல் நியூயார்க்கில் டாக்டர் பட்டம். 1847-ல் அமெரிக்க மிஷனின் மருத்துவராகக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்துவிட்டார். அடுத்த வருஷம் ஜாகை மானிப்பாய். இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிறீன் நியூயார்க்கில் பெரிய புள்ளி. சென்ட்ரல் பார்க் உருவாக முக்கியக் காரணம். அண்ணன் அங்கே பார்க் போட்டார். தம்பி இங்கே கட்டுப் போட்டார்!

அந்தக் காலத்து டாக்டர் பிழைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எக்ஸ்ரே கிடையாது. ஆன்டிபயாடிக் கிடையாது. வீட்டுக்கு வீடு நம்பியது நாட்டு வைத்தியர்களான பரியாரிகளை. 1866-67-ல் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியது. காலராவுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று ராபர்ட் காக் உலகத்துக்குச் சொன்னது 1884-ல். அது கிறீன் காலமான வருஷம். அதாவது, எதிரி யாரென்றே தெரியாமல் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார் மனுஷர்.

ஒரு ஆள் எத்தனை பேருக்குத்தான் நாடி பிடிப்பது? உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து டாக்டராக்க ஆரம்பித்தார். பாடம் இங்கிலீஷில்.

இங்கேதான் சிக்கல். இங்கிலீஷில் படித்து முடித்த பையன் என்ன செய்வான்? நாம் செய்ததைத்தான் செய்தான். நானும் பி.காம்.தான் சார், எனக்குத் தெரியாதா? சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் கவர்ன்மென்ட் உத்தியோகம், மாதச் சம்பளம், வெளியூர்! வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தில் இங்கிலீஷ் தெரிந்த டாக்டருக்கு டிமாண்ட். கிராமத்து நோயாளி, பழையபடி திண்ணையில்.

1864-ல் கிறீன் ஒரு முடிவெடுத்தார். இனி டாக்டர் படிப்பு தமிழில்தான்! தமிழில் படித்தவன் ஊரிலேயே இருப்பான், ஊர்க்காரன் பாஷையில் வியாதியைச் சொல்வான் என்பது கணக்கு. பையன்களுக்கு அது கசந்தது என்றால் ஆச்சரியமில்லை. வயிற்றுப் பிழைப்பாச்சே! அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இவர் பக்கமும் உண்டு.

பாடப் புத்தகம்? இல்லை. அதனால் உண்டாக்கினார்கள். உடற்கூறு 'அங்காதிபாதம்' ஆனது. உடலியங்கியல் 'சுகரணம்'. சர்ஜரி 'இரண வைத்தியம்'. வார்த்தைக்கு அவர் வைத்த சட்டம் எளிது. முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையா, இங்கிலீஷையே தமிழ் எழுத்தில் எழுது. 'கெமிஸ்தம்' பிறந்த கதை இதுதான். மொழிபெயர்க்கக் கூட உட்கார்ந்தவர்கள் அவருடைய மாணவர்கள். அதில் ஒருவர் பெயர் டான்போர்த், இன்னொருவர் சாப்மன். இரண்டு பேரும் அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள்! மிஷன் பள்ளிகளில் அமெரிக்கப் பெயர் சூட்டுவது அப்போது வழக்கம். தமிழர்களுக்கு அமெரிக்கப் பெயர், அமெரிக்கருக்குத் தமிழ்ப் பைத்தியம்!

1873-ல் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினார். அங்கேயாவது சும்மா இருந்தாரா? வூஸ்டரில் பனி கொட்ட, இவர் தமிழ்க் கைப்பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது 1883-ல். மறு வருஷம் போய்ச் சேர்ந்தார்.

ஜெயித்தாரா? 60-க்கும் மேற்பட்ட டாக்டர்களை உருவாக்கினார். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். ஆனால் 1870-லேயே கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது, பாடம் இங்கிலீஷில். அவருக்குப் பிறகு தமிழில் டாக்டர் படிப்பு நிலைக்கவில்லை. ஊரை விட்டுப் போகாத டாக்டர் வேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே நிற்கிறது, அங்கேயும் இங்கேயும்.

மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. வூஸ்டரில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். பட்டம், பதவி, அண்ணன் பெருமை எதுவும் வேண்டாம். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்றிருந்தால் போதும் என்றார்.

அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.